முகம் பாராத கூட்டாளிகள்

சங்கீதம் என்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காத்திருந்து, ஒரே கூரையின் கீழ் உருவாக வேண்டிய காரியம் என்ற நம்பிக்கை பெரும்பாலான தேசங்களின் இசைச் சம்பிரதாயங்களுக்குப் பொதுவானது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் பழக்கம் என்று ஆராய விரும்புகிறவர், 2004ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிபிஇ என்ற லண்டன் ஸ்தாபனம் வெளியிட்ட ‘கனெக்டட்’ என்னும் ராப் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அதில் சொல்லும் குரலும் பெரும்பாலும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஃபான்டே என்ற ராப் பாடகருடையவை. இசையோ நெதர்லாந்து தேசத்தில் உட்ரெக்ட் நகரத்தில் இருந்த நிக்கோலே என்பவருடையது. இருவருமாகச் சேர்ந்து ‘தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரமும், நடுவே அட்லாண்டிக் சமுத்திரமும், கடிகாரத்தில் 6 மணி நேர வித்தியாசமும் அவர்களுக்கு இடையே இருந்தன. ஆல்பம் முடிகிற வரையில் அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

தூரத்தை வென்று சாதித்துவிட்டார்கள் என்று இவர்களைப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரம் இல்லாதிருந்தால் அந்த ஆல்பம் அந்த உருவத்தில் பிறந்தே இராது என்றும், ஒருவர் வேலையைப் பாதியில் மற்றவர் கை நீட்டித் தடுக்க முடியாதபடி இருவரையும் காத்தது அந்தச் சமுத்திரமே என்றும் நான் நினைக்கிறேன். இதை விளக்கச் சற்றுப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில், பாடுகிறவனையும் வாசிக்கிறவனையும் முதன்முதலில் பிரித்து வைத்தது கணினி அன்று.

இத்தாலிய மகா வித்வான் என்ரிக்கோ கருசோ 1921இல் காலமானார். அவருடைய இசைத்தட்டுகள் யாவும் மின்சார மைக் புழக்கத்துக்கு வருமுன், ஒரு கொம்புக் குழாயின் வாய்க்கு நேரே நின்று பாடிப் பதித்தவை. ஆதலால் குரல் ஓரளவு தெளிவாக விழுந்திருந்தாலும், பின்னால் வாசித்த கோஷ்டியின் நாதம் மங்கி மெலிந்து கேட்கும். 1932இல் விக்டர் கம்பெனியார் ஒரு யுக்தி செய்தார்கள். பழைய தட்டை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே ஒரு புதிய கோஷ்டியை வாசிக்க வைத்து, இரண்டையும் சேர்த்துப் புதிதாகப் பதித்து விற்றார்கள். பாடகர் மறைந்து 11 வருஷங்களுக்குப் பிறகு அவருக்குப் பக்கவாத்தியம் அமைந்தது! பக்கவாத்தியக்காரர்கள் பாடகரை அனுசரித்துப் போனார்கள். பாடகர் அவர்களை அனுசரிக்க வழியில்லை. தூரத்தில் இருந்து செய்யும் கூட்டு வேலையில் இன்றுவரை இருந்து வரும் சங்கடம் முழுவதும் அந்தத் தட்டிலேயே அடங்கியிருக்கிறது.

1948இல் லெஸ் பால் என்ற கிதார் வித்வான், ஹாலிவுட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் உட்கார்ந்து, தட்டின்மேல் தட்டாகப் பதித்து, தாம் ஒருவரே எட்டுக் கிதார்களாக ஒலிக்கும் ‘லவர்’ என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். இசைப்பதிவு என்பது நடந்த கச்சேரிக்குச் சாட்சி என்ற நிலை மாறி, நடக்காத கச்சேரியைக் கட்டிக் கொடுக்கும் தொழில் என்ற நிலை அங்கே நிச்சயமாயிற்று.

ஆனால் ராப் சங்கீதத்தின் நேரான மூதாதை ஜமைக்காவில் இருக்கிறது. கிங்ஸ்டன் நகரத்தில், முன்னாள் போலீஸ்காரரும் மதுக்கடைச் சொந்தக்காரருமான டியூக் ரீட் என்பவர் தம் கடைக்கு மேல்மாடியில் ‘ட்ரெஷர் ஐல்’ ஸ்டூடியோவை நடத்தி வந்தார். அங்கே பதிவாகிப் பிரபலமடைந்திருந்த பழைய பாட்டுகளிலிருந்து குரலைப் பெரும்பாலும் நீக்கி, எஞ்சிய தாளத்தையும் பாஸையும் ஓடவிட்டு, அவற்றின்மேல் யூ-ராய் என்பவர் 1970 வாக்கில் தாளக்கட்டோடு பேசிப் பதித்த தட்டுகள் அந்தத் தீவையே ஒரு கலக்குக் கலக்கின. ரேடியோ முதலிய மின்சாதனங்களைப் பழுது பார்த்துப் பிழைத்த கிங் டப்பி என்பவர், இப்படிக் குரல் நீக்கிய தட்டுகளைச் செய்வதையே ஒரு கலையாக வளர்த்தார். ‘ரிடிம்’ என்று அவர்கள் சொல்லும் ஒரே இசையின்மேல் பத்துப் பேர், இருபது பேர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பாட்டைப் பாடிப் பதிப்பது அங்கே சர்வ சாதாரணம். மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கம் நம் சினிமா உலகத்திலும் வேரூன்றியதுதான். ஆனால் நம்மவர்கள் ஒரு மெட்டுக்கு ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கிங்ஸ்டனில் பிறந்து சிறு வயதில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்ப்பெல் என்ற இளைஞர்தான், கூல் ஹெர்க் என்ற பெயரோடு, 1973 ஆகஸ்டு 11ஆம் தேதி பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், தம் தங்கைக்குப் பள்ளிக்கூட உடை வாங்கப் பணம் சேர்க்கும் பொருட்டு நடந்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இதையே கொண்டாடுகிறார்கள். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு தட்டுகளை வைத்து மாறி மாறி நீட்டுவது அவர் யுக்தி. அதன்மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசுவது கூட்டத்துக்கு உற்சாகம். இசை முன்னால், சொல் பின்னால் என்ற கிரமம் ராப்பின் ஜாதகத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்த இரண்டு தட்டுகளின் வேலையைப் பிற்பாடு யந்திரங்கள் எடுத்துக்கொண்டன. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற யந்திரத்தின் ஞாபகத்தில் மொத்தம் 10 விநாடி அளவு ஒலியைத்தான் வைக்க முடியும். அந்தப் பத்து விநாடிக்குள் பழைய தட்டுகளின் துணுக்குகளை வெட்டி அடுக்கி ஒரு முழுப் பாட்டுக்கான இசையைச் செய்துவிடுவார்கள். மறு வருஷம் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி-60 யந்திரத்தை அகாய் கம்பெனி வெளியிட்டது. புரொடியூசர் என்ற சொல்லுக்கு ராப் உலகத்தில் ஏற்பட்ட அர்த்தம் இதிலிருந்து விளைந்தது: பணம் போடுகிறவர் அல்லர், மேற்பார்வை மட்டும் பார்க்கிறவரும் அல்லர், தம் அறையில் தனியே உட்கார்ந்து இசை முழுவதையும் செய்து முடிக்கிறவர். பீட் என்று சொல்லும் அந்த இசைகளை ஒரு கேசட்டில் வரிசையாகப் பதித்துக் கொடுப்பார். ராப் பாடகர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், காரில் போட்டுக் கேட்டு, பிடித்ததற்குச் சொல் கட்டுவார். ஒருவருக்கு ஒருவர் எட்டத்தில் இருந்தே வேலை செய்யும் பழக்கம், ஒரே ஊரில் இருந்தவர்களுக்கும் இப்படித்தான் படிந்தது.

பாக்கி இருந்தது ஸ்டூடியோ ஒன்றுதான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வசூலிக்கும் அந்த ஸ்தலத்தில் கம்பெனியின் முன்பணம் இல்லாத கலைஞனுக்கு நுழைவு கஷ்டம். முன்பணம் வாங்கினவனுக்கோ விடுதலை கஷ்டம். 1992இல் அலெசிஸ் கம்பெனி விற்கத் தொடங்கிய அடாட் என்ற கருவி, வீடியோ கேசட் ஒன்றில் எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதித்தது. அதன் விலை 4,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. அது ஏழைக்கு எட்டும் விலையன்று. ஆனாலும் வீட்டில் பதித்த கேசட்டைப் பையில் போட்டு இன்னோர் ஊருக்கு அனுப்பலாம் என்ற சௌகரியம் அதனால் வந்தது. 1990களின் இறுதியில் பெல்ஜியத்து இமேஜ்-லைன் கம்பெனியின் ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ மென்பொருள் வந்தபோது யந்திரமும் வேண்டாம், சாதாரணக் கணினி போதும் என்றாயிற்று.

தபாலிலேயே ஆல்பம் செய்தவர்களும் உண்டு. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லாவும், அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கலிபோர்னியாவில் இருந்த மேட்லிப்பும் பீட் நிறைந்த சிடிக்களை ஒருவருக்கொருவர் அனுப்பிச் செய்த ‘சாம்பியன் சவுண்ட்’ 2003இல் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சுயேச்சை ஸ்தாபனத்தின் மூலம் வந்தது. இருவரும் புரொடியூசர்கள், இருவரும் வாய் திறந்து ராப் செய்யக்கூடியவர்கள். ஆகையால் இவர் பீட்டில் அவர், அவர் பீட்டில் இவர் என்று பாதிப் பாதியாக முறை வைத்துக்கொண்டார்கள். அதே 2003இல், ராப்பில் சேராத வேறொரு ஜோடி இதைவிடப் பிரசித்தி பெற்றது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஜிம்மி டாம்பொரெல்லோ இசையைச் செய்து தபாலில் அனுப்ப, சியாட்டிலில் இருந்த பென் கிப்பர்ட் அதன்மேல் பாடித் திருப்பி அனுப்ப, ‘கிவ் அப்’ என்ற ஆல்பம் உருவாயிற்று. தங்களை இணைத்த உபகாரத்துக்கு நன்றியாக அவர்கள் ‘தி போஸ்டல் சர்வீஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தபால் இலாகாவுக்கு இந்த நன்றி உவப்பாக இல்லை. தன் பெயரைக் களவாடினார்கள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிற்று. அதற்குப் பின் நடந்தது இலாகாக்களின் சரித்திரத்தில் அபூர்வம். 2004இல் இரு தரப்பாரும் சமாதானமாகி, பெயரை வைத்துக்கொள்ள இலாகா அனுமதி தந்தது. பதிலுக்கு இவர்கள் தபாலுக்கு விளம்பரம் செய்வதாகவும், தபால் தலைமை அதிகாரியின் வருடாந்தர மகாநாட்டில் கச்சேரி செய்வதாகவும் ஒப்பந்தம். தபால் இலாகாவே தன் இணையக் கடையில் அந்த ஆல்பத்தை விற்றது. கடிதம் எழுதும் வழக்கம் குறைந்துவருகிறதே என்ற கவலை அந்த அதிகாரிகளை எவ்வளவு அரித்திருக்க வேண்டும் என்பது இந்த ஒப்பந்தத்தில் தெரிகிறது.

பணம் படைத்தவர்கள் தூரத்தைக் கையாண்ட விதம் வேறு. 1993இல் 77 வயதான ஃபிராங்க் சினாட்ரா, ‘டூயட்ஸ்’ என்ற ஆல்பத்துக்காக ஹாலிவுட்டிலுள்ள கேப்பிட்டல் ஸ்டூடியோவில் கோஷ்டியோடு தம் பங்கைப் பாடிவிட்டுப் போய்விட்டார். உடன்பாடியதாகப் பெயர் போட்ட நட்சத்திரங்கள் பிற்பாடு தத்தம் ஊர்களில் பாடினார்கள். அவர்களில் பலருடைய குரல், இதற்கென்றே ஏற்பட்ட கண்ணாடி இழைத் தந்திகளின் வழியே, ஃபில் ரமோன் என்ற புரொடியூசர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. விற்பனை அமோகம், விமரிசகர்களோ டெலிபோனில் பாடிய பாட்டு என்று பரிகசித்தார்கள். பரிகாசத்தில் நியாயம் இருந்தது. அது சம்பாஷணை போலக் கேட்குமே தவிர, ஒருவர் பேசிவிட்டுப் போன பிறகு மற்றவர் பதில் சொல்லி ஒட்டியதுதான். கருசோவுக்கு நேர்ந்தது சினாட்ராவுக்கும் நேர்ந்தது. அவர் உயிரோடிருந்தார் என்பது ஒன்றே வித்தியாசம்.

ஏன், தந்தி இருக்கும்போது இருவரும் ஏககாலத்தில் பாடக்கூடாதா என்று கேட்கலாம். அதற்குப் பௌதிகம் இடம் கொடுக்கவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வட கரோலினாவிலிருந்து உட்ரெக்டுக்குப் போக மட்டும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 30 பங்குக்கு மேல் பிடிக்கும். போய்த் திரும்ப 60 பங்குக்கு மேல். இடையிலுள்ள யந்திரங்கள் தின்னும் நேரம் தனி. தாளக்காரர்கள் சேர்ந்து வாசிக்கையில், ஒருவர் ஒலி மற்றவர் காதுக்கு ஆயிரத்தில் 25 அல்லது 30 பங்குக்கு மேல் தாமதித்து வந்தால், ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்துக் காலப்பிரமாணம் தளர்ந்துவிடும். காற்றில் அந்த நேரத்துக்குள் ஒலி எட்டரை முதல் பத்து மீட்டர் வரை போய்விடுகிறது. நம் கச்சேரி மேடையில் மிருதங்க வித்வான் பாடகருக்கு எட்டிய தூரத்தில் உட்காருவது மரியாதைக்காக மட்டும் அன்று. முன்பின் ஒத்திகை இல்லாமல், சில சமயம் முன்பின் அறிமுகமும் இல்லாமல், மேடையிலேயே சந்தித்து மூன்று மணி நேரம் ஒன்றாகப் போய்விடும் நம் வித்வான்களின் முறைக்கு ஃபான்டே, நிக்கோலே ஜோடியின் முறை நேர் எதிரானது. அங்கே எல்லாம் நேரில், திருத்தத்துக்கு இடமில்லை. இங்கே எல்லாம் திருத்தத்தில், நேருக்கு இடமில்லை.

தபாலிலிருந்து இணையத்துக்கு மாறியதற்கு ஒரு கணக்குதான் காரணம். நாலு நிமிஷப் பாட்டு ஒன்று சிடியின் தரத்தில் 42 மெகாபைட் பிடிக்கும். வீட்டு டெலிபோனில் மாட்டிய 56 கிலோபிட் மோடம் தன் முழு வேகத்தில் ஓடினாலும் அதை அனுப்ப ஒரு மணி 40 நிமிஷம் ஆகும். முழு வேகத்தில் அது ஓடுவதும் இல்லை. ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், ஒரு பலத்த ஒலியின் நிழலில் மறைந்துபோகும் சிறு ஒலிகளை நம் காது கவனிப்பதில்லை என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டு, கவனிக்காதவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதிவைக்கும் முறையை வகுத்தார்கள்; அதற்கு 1995இல் எம்பி3 என்ற பெயர் நிலைத்தது. 42 மெகாபைட் 4 மெகாபைட்டுக்குள் அடங்கிற்று. நூறு நிமிஷம் ஒன்பது நிமிஷமாகக் குறைந்தது. ஏழைக் கலைஞனுக்கு ஜெர்மானிய விஞ்ஞானிகள் செய்த இந்தத் தர்மத்தை, அவர்கள் அதற்காகச் செய்யவில்லை என்றபோதிலும், மறக்கக் கூடாது.

இனி ஃபான்டே, நிக்கோலே இருவரின் வேலை நடந்த விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டர்ஹம் நகரத்திலுள்ள வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த ஃபான்டே, பிக் பூ, நைன்த் வொண்டர் ஆகிய மூவர் ‘லிட்டில் பிரதர்’ என்ற குழுவை அமைத்து, 2003இல் ஏபிபி என்ற சுயேச்சை ஸ்தாபனத்தின் மூலம் ‘தி லிஸனிங்’ என்ற முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் பீட்டுகளை நைன்த் வொண்டர் அந்த ஃப்ரூட்டி லூப்ஸ் மென்பொருளிலேயே செய்தார் என்பது ராப் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ‘தி ரூட்ஸ்’ குழுவின் டிரம் வித்வான் க்வெஸ்ட்லவ் முதலானோர் 1999இல் தொடங்கிய ஓகேபிளேயர் என்ற இணையதளத்தில் இப்படிப்பட்ட இளைஞர்கள் பலர் கூடுவார்கள். நிக்கோலே தாம் செய்த பீட் ஒன்றை அங்கே வைக்க, ஃபான்டேக்கு அது பிடித்துப்போய் அதன்மேல் வெர்ஸ் என்று சொல்லும் சரணம் ஒன்றைப் பாட, அதுவே ‘லைட் இட் அப்’ என்ற பாட்டாகி லிட்டில் பிரதரின் ஒரு தட்டில் இடம் பெற்றது. பிறகு மின்னஞ்சலிலும், உடனுக்குடன் செய்தி அனுப்பும் மென்பொருளிலுமாக ஃபைல்கள் போய்வரத் தொடங்கி, ஓர் ஆல்பம் அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

இந்த முறையில் புரொடியூசர் முதலில் அனுப்புவது இசை முழுவதும் ஒன்றாகக் கலந்த ஒரே எம்பி3 ஃபைல். ராப் பாடகர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வெர்ஸ் எழுதுவார். நிமிஷத்துக்கு 90 தட்டு என்ற கதியில் நாலு தட்டுக் கொண்ட ஒரு பார் என்பது இரண்டே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான 16 பார் வெர்ஸ் ஒன்று 42 விநாடி சொச்சம். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எதுகையையும் அமைத்து, மூச்சு விடவும் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடிப் பதித்த பிறகு இசையை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் தனி ஃபைலாக எடுத்து அனுப்புவார். அக்கபெல்லா என்று சொல்லும் இந்த ஃபைல், குரல் எங்கே தொடங்கினாலும் சரி, பாட்டின் முதல் தட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முக்கால் நிமிஷம் வரை மௌனமாக இருந்தாலும் அந்த மௌனத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அப்படியில்லாவிட்டால் மறுமுனையில் இருப்பவர் குரலை எந்த இடத்தில் பொருத்துவது என்று தேடியே பொழுதைக் கழிப்பார். அப்படி அனுப்பினாலும் எம்பி3 ஒரு சின்ன வஞ்சனை செய்யும். ஒலியைச் சுருக்கி விரிக்கும் கிரியையில் ஃபைலின் தலைப்பில் சிறிது மௌனம் தானாக ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாக அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 25 பங்கு அளவு இருக்கும். கணினித் திரையின் கட்டத்தில் வரிசையாக நிறுத்தினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கேட்டாலோ பாடகர் சற்றுச் சோம்பலாகப் பாடுகிறார்போல இருக்கும். அவர் வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்தங்கி நின்றாரா, ஃபைல்தான் பின்தங்கியதா என்பதைக் காது பழகிய புரொடியூசர்தான் கண்டுபிடித்து நகர்த்த வேண்டும். ராப்பில் சுகமே அந்தப் பின்தங்கலில் இருப்பதால் இது அற்ப விஷயம் அன்று.

குரல் வந்து சேர்ந்த பிறகுதான் புரொடியூசரின் இரண்டாவது வேலை தொடங்குகிறது. இப்படி அனுப்பிச் செய்யும் முறை ஸ்டூடியோ முறையைவிட மேலானது என்று நான் கருதும் இடமும் இதுவே. வாடகை ஸ்டூடியோவில் முடிந்துபோன பீட்டின்மேல் பாடகர் பாடுவார், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பிடித்தது, பிடிக்கவில்லை என்று இரண்டே வார்த்தைக்குத்தான் அவகாசம். இங்கேயோ புரொடியூசரிடம் குரலும் தனியே இருக்கிறது, இசையின் ஒவ்வொரு வாத்தியமும் தனியே இருக்கிறது, முழு ராத்திரியும் இருக்கிறது. ஒரு சிலேடை விழும் இடத்தில் டிரம்ஸை ஒரு தட்டுக்கு நிறுத்திவிடலாம். பாடகர் குரல் தாழ்ந்த இடத்தில் பாஸை விலக்கி வழிவிடலாம். ஹூக் என்று சொல்லும் பல்லவியில் ஒரு கீபோர்டு வரி சேர்த்து, அவர் எதிர்பாராத ஸ்வரத்தில் முடிக்கலாம். கருசோவுக்கும் சினாட்ராவுக்கும் கிடைக்காத ஒன்று, தங்கள் குரலைக் கேட்டுத் திருந்திய இசையை மறுபடி கேட்டு அதன்மேல் இன்னொரு முறை பாடும் சந்தர்ப்பம், ஃபான்டேக்கும் நிக்கோலேக்கும் செலவில்லாமல் வாய்த்தது. வட கரோலினாவில் ராத்திரி 12 மணி என்றால் உட்ரெக்டில் விடியற்காலை 6 மணி. தூங்கப் போகிறவர் அனுப்பியதை எழுந்திருக்கிறவர் எடுத்துக்கொள்வார். பதிலுக்குக் காத்திருக்கும் அந்த நேரத்தில் ஒருவருக்கு மற்றவர் தயவு தேவைப்படவில்லை. அசட்டுத்தனமாக ஒன்றை முயன்று பார்த்து, சரிவராவிட்டால் அழித்துவிடலாம், பக்கத்தில் நின்று முகம் சுளிக்க ஆளில்லை.

‘கனெக்டட்’டில் இவர்கள் இருவர் மட்டுமே இல்லை. டேரியன் பிராக்கிங்டன், யாஸரா முதலிய பாடகர்களும், மீடியன், பிக் பூ போன்ற ராப் கலைஞர்களும் வருகிறார்கள். அப்படியிருந்தும் பல கைகள் பட்ட ஆல்பம் என்ற எண்ணம் கேட்கும்போது வருவதில்லை. இசை முழுவதும் ஒரே மேஜையில் தைக்கப்பட்டது என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நட்புக் கொண்டதைப் புறநானூற்றில் படித்த நமக்கு இவர்கள் கதை பெரிய ஆச்சரியமாக இருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் பழைய நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் பாதி வெட்டித் திருப்பி அனுப்பினால் அந்த நட்பு என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இவர்கள் வெட்டிக்கொண்டும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

அதற்கு எதிர்ப்புறத்தில் லிட்டில் பிரதரின் கதையை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே கல்லூரியில் படித்து, ஒரே அறையில் கூடிப் பாட்டுக் கட்டிய மூவர் அவர்கள். அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டு 2005இல் ‘தி மின்ஸ்ட்ரல் ஷோ’ ஆல்பத்தை வெளியிட்டது. விமரிசகர்கள் புகழ்ந்தார்கள், கம்பெனி எதிர்பார்த்த விற்பனை இல்லை. 2007 தொடக்கத்தில் நைன்த் வொண்டர் பிரிந்தார். 2010இல் குழுவே கலைந்தது. பிற்பாடு ஃபான்டேயும் பிக் பூவும் மறுபடி சேர்ந்தது வேறு விஷயம். முகம் பாராமல் தொடங்கிய ஜோடியோ 2008, 2010, 2013, 2015 என்று மேலும் நாலு ஆல்பங்களைச் செய்தது. நிக்கோலே பிற்பாடு வட கரோலினாவிலுள்ள வில்மிங்டனுக்கே குடிவந்துவிட்டார். 2008இல் வந்த ‘லீவ் இட் ஆல் பிஹைண்ட்’ ஆல்பத்தில் ஃபான்டே ராப்பைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பாடவே தொடங்கினார்; அதிலுள்ள ‘டேகீப்பர்’ என்ற பாட்டு கிராமி விருதுக்குப் போட்டியிட்டவற்றுள் ஒன்றாக இருந்தது. ராப் பாடகன் என்று பெயர் வாங்கினவன் திடீரென்று பாட ஆரம்பித்தால், பெரிய கம்பெனியின் மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்லுவார் என்பது ஊகிக்கக் கூடியதே. இவர்களுக்கு அப்படி ஒரு மேஜை இல்லை; வெளியிடும் ஸ்தாபனத்தையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

பதினைந்து வருஷத்துக்குள் இதே பாதையில் வேறு விதமான போக்குவரத்து வந்துவிட்டது. உட்ரெக்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள புர்மெரென்ட் என்ற ஊரில், யங்கியோ என்ற இளைஞர், ‘நைன் இஞ்ச் நெய்ல்ஸ்’ குழுவின் பழைய இசைத் துணுக்கு ஒன்றை எடுத்து பீட் செய்து, பீட்ஸ்டார்ஸ் என்ற இணையச் சந்தையில் விலைக்கு வைத்தார். அட்லாண்டாவில் லில் நாஸ் எக்ஸ் என்ற இன்னோர் இளைஞர் அதை 30 டாலருக்கு வாங்கிப் பாடி, 2018 டிசம்பரில் ‘ஓல்ட் டவுன் ரோட்’ என்று வெளியிட்டார். மறு வருஷம் அது பில்போர்டு பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. பீட் செய்தவருக்குத் தம் பீட் பாட்டாகிவிட்ட செய்தியே, பாட்டு ஊரெல்லாம் பரவிய பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் ஒரு டச்சுக்காரர், மறுபடியும் அமெரிக்கத் தென்பகுதி வாலிபர். நடுவே அதே சமுத்திரம். பணத்தையும் புகழையும் வைத்துப் பார்த்தால் ‘கனெக்டட்’ இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இங்கே திரும்பி வந்த குரல் எதுவும் இல்லை; குரலுக்காகத் திருந்திய இசையும் இல்லை. வேகம் கூடி, விலை குறைந்து, பதில் எழுதும் வழக்கம் போய்விட்டது.

சரித்திரம் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் கட்டி வைத்துவிட்டுப் போனதால், ஏட்டுச்சுவடிகளை அவருக்கு யார் யார் தேடித் தந்தார்கள் என்று இன்றும் சொல்ல முடிகிறது. பெரிய கம்பெனிகளின் ஸ்டூடியோக்களிலும் தேதியும் பெயரும் எழுதிய நாடாச்சுருள்கள் அலமாரியில் இருக்கும். 2003இல் அட்லாண்டிக்கின் குறுக்கே போய்வந்த எம்பி3 ஃபைல்களோ, அப்போது இருந்த செய்தி மென்பொருள்களோடும் பழைய வன்தட்டுகளோடும் மறையக் கூடியவை. எந்தப் பாட்டில் இசை முதலில் எப்படி இருந்தது, குரல் வந்த பிறகு எது மாறியது, எந்த வெர்ஸ் தள்ளுபடியாயிற்று என்பதெல்லாம் இப்போதைக்கு இரண்டு பேருடைய ஞாபகத்தில் இருக்கும். இருவரும் ஐம்பதை ஒட்டிய வயதினர், இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். ராப்பின் சரித்திரத்தைப் பிராங்க்ஸ் தெருக்களோடு முடித்துக்கொள்ளாமல் இந்தப் பக்கமும் திரும்பக்கூடிய ஆராய்ச்சி மாணவர் யாராவது அவர்களிடம் போய், பாட்டுப் பாட்டாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.